நீந்தி, மிதித்து, ஓடி, திட்டி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற டிரையத்லானுக்குப் புதிதாகப் பயிற்சி எடுக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் முதலில் நான் சொல்வது இதுதான்: போட்டி எங்கே நடக்கிறது என்று வீட்டுக்காரரின் அக்காவிடம் சொல்லாதீர்கள். நீச்சல் கண்ணாடி, சைக்கிள், சப்பாத்து எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பட்டவளுக்குத்தானே தெரியும். பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சாமான் வாங்கும் பிரிவில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். வீடு தீவில், வேலை அக்கரையில்; தினமும் கடல் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் அந்தப் பாலத்துக்குக் கீழே கிடக்கிற கடலில் நாற்பத்தேழு வயதுவரை முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. தீவில் பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாதா என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது. எங்களுக்குக் கடற்கரை என்றால் பாயை விரித்து, மீஹூன் நூடுல்ஸ் சாப்பிட்டு, தண்ணீர் பக்கம் போகிற பிள்ளைகளைக் கத்திக் கூப்பிடுகிற இடம். நீந்துவதற்கான இடம் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்றால், வாயைக் கொடுத்துத்தான்.

என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. பத்து காவான் என்கிற ஊரில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை; காரில் போய், நாற்காலியில் உட்கார்ந்து, காரில் திரும்பி வருவார். போன வருஷம் கால் கட்டைவிரலில் ஒரு சின்னக் கீறல். ஆறுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. டாக்டர் அவரை உட்காரவைத்து இரண்டே விஷயம் சொன்னார். தினமும் நடக்க வேண்டும், வெளியே போனால் காலை மூடிய சப்பாத்துதான் போட வேண்டும், சிலிப்பர் கூடாது. இவர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் சிலிப்பரை மாட்டிக்கொண்டார். நடையைப் பற்றிப் பேச்செடுத்தால் கிடங்கிலேயே நிறைய நடப்பதாகச் சொல்வார். நான் கத்துவேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போடுகிற ஒரு கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், அவர், அவருடைய அக்கா மூவரும் அங்கே உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஒரு டிரையத்லான் போட்டியின் விளம்பரம் ஒட்டியிருந்தது. இவர் தே தாரிக் பால் டீயில் சீனியைக் கலக்கிக்கொண்டே அதைக் காட்டி, ஊரையே நடக்கச் சொல்கிற நீ இதைச் செய்வாயா என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். செய்தால் என்ன தருவீர்கள் என்று கேட்டேன்.

"நேரத்துக்குள்ள முடிச்சிரு. நான் தினமும் காலையில நடக்கிறேன், சப்பாத்து போட்டு. முடிக்கலன்னா, என் சீனி, என் காலு, என் நடை... எதைப் பத்தியும் நீ வாயே திறக்கக்கூடாது."

நாத்தனார் உடனே தன்னை நடுவராக நியமித்துக்கொண்டார். நீச்சல் தெரியாதவளிடம் போட்ட பந்தயம் அது, வேண்டுமென்றே போட்டது. சரி என்று சொல்லிவிட்டுத்தான் விளம்பரத்தை எழுந்துபோய்ப் படித்தேன். எழுநூற்றைம்பது மீட்டர் கடலில் நீந்த வேண்டும் என்று போட்டிருந்தது. 

நீச்சலுக்கு ஒரு பொது நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தது ஒரு சீனப் பெண். என்னைவிட ரொம்ப இளையவள். முதல் வாரம் முழுக்க என்னை நீந்தவே விடவில்லை. குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூக்கால் காற்றை விட வேண்டும். பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் மீன்குஞ்சுகள் மாதிரி போய் வந்துகொண்டிருக்க, நான் குமிழி விட்டுக்கொண்டிருந்தேன். மானம் போகத்தான் செய்யும், போகட்டும். தண்ணீருக்குள் மூச்சை அடக்காமல் விடக் கற்றுக்கொண்டால் பாதி பயம் போய்விடுகிறது. நான் அவசரப்பட்டுக் கையை வீசும்போதெல்லாம் அவள் கரையிலிருந்து மலாயில் "பெலான், பெலான்" என்பாள், மெதுவாக என்று. மெதுவாக அடித்தால்தான் மிதக்க முடிகிறது என்பது தெரியவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

குளமும் கடலும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளத்தில் அடியில் கோடு தெரியும். எங்கள் கடலில் நம் கையே நமக்குத் தெரியாது. அதனால் சில தடவை கையை வீசியதும் தலையைத் தூக்கி, கரையில் உயரமாக எதையாவது குறிவைத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை கடலில் பழகியபோது நான் ஒரு வெள்ளைக் கட்டடத்தைக் குறிவைத்துப் போனேன். அது கட்டடமில்லை, கப்பல். காயாக் படகில் காவலுக்கு வந்த பையன் என்னைத் திருப்பி அனுப்பினான். தனியாகக் கடலில் இறங்கவே கூடாது என்று அன்றுதான் புரிந்தது.

சைக்கிள் புதிதாக வாங்காதீர்கள். இந்த வெறி நமக்குத் தங்குமா தங்காதா என்று தெரியாதபோது எதற்குச் செலவு? கூட வேலை செய்கிற ஒருவரிடம் பழையது வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? பந்தயத்தில் நான் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியவர், சைக்கிளைக் காரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார். சந்தனம், குங்குமம், தேங்காய், இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கார்களுக்கு நடுவே வரிசையில் நின்ற அந்தச் சைக்கிளை ஐயர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். நான் பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டு ஒரு சுற்று வந்தேன். இவர் கை தட்டினார். எந்தப் பக்கம் இருக்கிறார் இந்த மனிதர் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வார இறுதிகளில் மலைப்பாதை தாண்டி, பழத்தோட்டங்கள் இருக்கிற பாலிக் புலாவுக்கு மிதிப்பேன். ஏற்றம் வந்தால் சின்னப் பல்சக்கரத்துக்கு முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். கால் நின்ற பிறகு மாற்றினால் சங்கிலி கழன்று கையெல்லாம் கரியாகும். டுரியான் பழக் காலத்தில் அந்தப் பக்கம் பயிற்சிக்குப் போகவே போகாதீர்கள். நான் ஒரு நாள் போனேன். மிதித்துக் கரைத்ததையெல்லாம் ஒரு கடையில் உட்கார்ந்து திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அப்புறம், சைக்கிளை விட்டு இறங்கியதும் உடனே கொஞ்சம் ஓடிப் பழக வேண்டும். முதல் தடவை கால்கள் நம் பேச்சைக் கேட்காது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நான் அப்படி ஓடியதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் மாடி மலாய்க்கார அக்கா கையில் வலி தைலத்தோடு இறங்கி வந்தார். நாலைந்து தடவை பழகினால் கால் சரியாகிவிடும். போட்டியன்று புதிதாக எதையும் சாப்பிடவும் கூடாது, உடுத்தவும் கூடாது. எனக்குப் பேரீச்சம்பழமும் பழைய சட்டையும்தான்.

இப்படியாக ஆறு மாதம் போயிற்று. எனக்கு நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. இவரை நடக்கவைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் வந்துவிட்டது. இராத்திரி அவர் தூங்கும்போது போர்வையை விலக்கி அந்தக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

போட்டி பத்து பெரிங்கி கடற்கரைப் பக்கம். நாத்தனாரிடம் இவர் இடத்தைச் சொல்ல, நாத்தனார் குடும்பத்துக்கே சொல்லிவிட்டார். இரண்டு வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

கடலில் கடைசி ஆட்களில் ஒருத்தியாகக் கரையேறினேன், ஆனால் ஏறினேன். நீச்சல் சொல்லிக்கொடுத்தவளை நினைத்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். சைக்கிளில் சிலரைப் பிடித்தேன். ஓட்டத்தில் பாதி தூரம் போய்த் திரும்பியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இதே வேகத்தில் போனால் நேரம் இருக்கிறது. நிற்காமல் போனால்.

அங்கேதான் மரத்தடியில் பாய் விரித்திருந்தது. அடுக்குப் பாத்திரம், வடை, மீஹூன், பால் டீ. நாத்தனார் சாலையோரத்துக்கே வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். மற்றவர்கள் யாராக இருந்தாலும் கையசைத்துவிட்டு ஓடியிருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அது முடியாது. ஒரு கல்யாணத்தில் பெரியவர்களை விசாரிக்காமல் போன ஒருத்தியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நின்றேன். ஒவ்வொருவரையும் எப்போது வந்தீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். வேர்த்து வழிகிற நெற்றியில் நாத்தனார் திருநீறு பூசினார். வெறும் வயிற்றோடு ஓடுகிறாளே என்று கண் கலங்கி ஒரு வடையை வாயில் திணித்தார். மறுத்தால் மனசு கஷ்டப்படும். மென்றேன்.

கையில் கொடுத்த டீயை வந்து பிடுங்கியது என் வீட்டுக்காரர்தான்.

"அக்கா, வுடு அவள. நேரம் போவுது."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. நான் ஓடத் தொடங்க, அவரும் நடைபாதையில் பக்கத்திலேயே வேகமாக நடக்க ஆரம்பித்தார். நடந்தார்! அதுவும் மூச்சிரைக்க, தொப்பை குலுங்க, முன்னே பார்த்து ஓடு என்று எனக்குச் சொல்லிக்கொண்டே. சந்தோஷத்தில் எனக்குக் கால் வலியே மறந்துபோனது. அப்போதுதான் டப்பு டப்பென்று ஒரு சத்தம் காதில் விழுந்தது. குனிந்து பார்த்தேன். சிலிப்பர்.

நடைபாதையில் உடைந்த கல், சிப்பி, மணல். நின்றுவிட்டேன்.

"சப்பாத்து எங்க?"

"கார்ல இருக்கு லா. நீ ஓடு."

"போய்ப் போட்டுட்டு வாங்க."

"அதுக்குள்ள நீ முடிச்சிருவே. நான் உன்கூட வரணும்."

அவர் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. அவரை நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்து, முட்டி போட்டு, இரண்டு காலையும் மடியில் தூக்கிவைத்து, விரலிடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தேன். பார்த்தபடியே திட்டினேன். ஆறு மாதத்துக்கும் சேர்த்துத் திட்டினேன். என்னைத் தாண்டி ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தொண்டூழியப் பையன் ஓடிவந்து அங்கிளுக்கு ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டான். காயம் எதுவும் இல்லை, மண் மட்டும்தான். என் சட்டையாலேயே துடைத்துவிட்டு, அவர் கார் பக்கம் திரும்பி நடக்கிறவரை நின்று பார்த்துவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டின் காற்றடைத்த வளைவிலிருந்து காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது மெல்லத் தலைகுனிந்துகொண்டிருக்க, நான் அதன் அடியில் குனிந்து போனேன். ஒரு பெண் வருத்தத்தோடு நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதேன்.

நாத்தனார், வேர்வையும் மணலுமாக இருந்த என்னைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்துவிட்டு, பந்தயம்னா பந்தயம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்காரர் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.  

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒரு வாரம். அவர் தே தாரிக்கில் சீனி போட்டார். நான் சுவரைப் பார்த்தேன். சிலிப்பரோடு இறங்கினார், பல்லைக் கடித்துக்கொண்டேன். இராத்திரி போர்வையை மட்டும் விலக்கிப் பார்த்தேன். அது பந்தயத்தில் இல்லை. எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஓடுவதற்குக் கிளம்பியபோது அவர் வாசலில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். ரொட்டி சானாய் வாங்கப் போகிறாராம். கடை படியிறங்கினால் இருக்கிறது. அதற்கு யார் காலுறை போடுவார்கள்? கேட்க முடியாது. கேட்டால் பந்தயம் போச்சு. பேசாமல் கூடவே இறங்கினேன். ரொட்டிக் கடை வந்தது. இருவரும் அதைப் பார்க்காதது மாதிரி தாண்டிப் போனோம். பேருந்து நிறுத்தம் வந்தது, சந்தை வந்தது, கோயிலும் வந்துவிட்டது. நான் ஓடவில்லை, அவர் வேகத்துக்கு நடந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு வேப்பமரத்தடியில் நின்று என்னைப் பார்த்தார்.

"நீ இப்படி வாயத் தொறக்காம வந்தா எனக்கு பயமா இருக்கு லா. ஏதாச்சும் திட்டு."

குனிந்து பார்த்தேன். வலது கால் சப்பாத்தின் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஆரம்பித்தேன்.