கோழி எச்சம் பார்த்துச் சொன்னேன்

காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது கோழிப்பீயைத்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நான் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். தையில் தொடங்கினால் புரட்டாசி வரை பாத்தியில் வேலை இருக்கும். மழை பிடித்துவிட்டால் உப்பளம் முழுக்கத் தண்ணீர்தான், மூன்று மாதம் சும்மா உட்கார வேண்டும். அந்த மூன்று மாதத்துக்காகத்தான் வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த வருஷமே, ஒரே வாரத்தில் ஒன்பது கோழி செத்துப்போயின. கடைசிக் கோழியைப் புதைத்துவிட்டுக் கை கழுவும்போதுதான் நினைவு வந்தது. முதல் கோழி சாவதற்கு இரண்டு நாள் முன்பே கூண்டுக்குள் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் மாதிரி கிடந்தது. பார்த்தேன். பார்த்தும் கூட்டித் தள்ளிவிட்டேன். அன்றைக்கு என் மேலேயே எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்து வாங்கிய கோழிகளுக்கு, அவை ராத்திரி அடையும் கம்புக்குக் கீழே பழைய பேப்பர் விரித்தேன். காலையில் கூட்டுவதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். நல்ல கோழி என்றால் கெட்டியாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும், மேலே சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளை. நடுநடுவே களிம்பு போல ஒன்று நாற்றத்தோடு கிடக்கும். அதைப் பார்த்து முதலில் பயந்துபோனேன். நன்றாகத் தின்று ஓடியாடும் கோழிகளும் அப்படிப் போவதைப் பார்த்த பிறகுதான் அதுவும் சரிதான் என்று புரிந்தது. குஞ்சு சிவப்பாகப் போனால் அன்றைக்கே மருந்து. பச்சையாகப் போனால், கீரை தின்றதா, இல்லை ஒன்றுமே தின்னாமல் காலி வயிறா என்று பார்க்கணும்.

என் வீட்டுக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார். "ஊர்ல எல்லாரும் பேப்பர் படிக்கிறான். நீ அது மேல கெடக்குறத படிக்கிறியா?"

"ஆமா, இதுல பொய் இருக்காது" என்பேன்.

கூனிமேட்டில் ஒரு பாய் இருக்கிறார். பதினோரு வருஷம் சவூதியில் இருந்துவிட்டு ஊரோடு வந்து, கொட்டகை போட்டு முந்நூறு நாட்டுக்கோழி விட்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில், அந்தக் கொட்டகையைக் கூட்டிச் சுத்தம் செய்கிற வேலைக்குப் போனேன். என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு சாவுக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். கொட்டகை வாசலில் ஒரு மினி வேன் நின்றது. உள்ளே தரையில் போட்டிருந்த உமி முழுக்கச் சொதசொதவென்று நனைந்து கிடந்தது. ஆறு கோழி செத்து ஓரமாகக் கிடந்தன. இன்னும் நாலைந்து, கால் நிலைக்காமல் தள்ளாடின. பாய் தலையில் கை வைத்து நின்றார். பக்கத்தில் கோழி வியாபாரி.

"வெள்ளைக்கழிச்சல்தான் பாய். நாளைக்குள்ள எல்லாம் போயிடும். இப்பவே ஏத்திட்டா ஏதோ கைக்கு வரும்."

நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினேன். வெறும் தண்ணீர், அதில் கொஞ்சம் வெள்ளை. பச்சை இல்லை, ரத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், கோழிகள் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி ஒன்றையொன்று ஏறி மிதித்துக் குடித்துக்கொண்டிருந்தன. நோவு வந்த கோழி இறகைத் தொங்கப்போட்டு மூலையில் உட்காரும், இப்படிக் குடிக்காது. மத்தியான வெயிலில் பாத்தியிலிருந்து கரை ஏறிவந்து நாங்கள் குடத்தைத் தூக்கிக் குடிப்போமே, அந்தக் குடி.

"பாய், தீவனம் மாத்துனீங்களா?"

"இல்லக்கா. அதே தீவனம்தான். முட்டை நல்லா வைக்கும்னு சொன்னாங்க, முந்தாநாள்லேருந்து கருவாட்டுத் தூள் கலக்குறேன்."

கலந்து வைத்திருந்த தீவன மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உடனே துப்பினேன். உப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது நோவு இல்ல பாய். உப்பு."

வியாபாரி சிரித்தார். "ஏம்மா, கூட்ட வந்தா கூட்டிட்டுப் போ. டாக்டர் மாதிரி பேசுற."

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. "அண்ணே, வெள்ளைக்கழிச்சல்னு பேருதான், பச்சையும் கலந்து போவும். இங்க பச்சை எங்க இருக்குது, காட்டுங்க பாப்போம்" என்றேன். அவர் குனியக்கூட இல்லை.

பாய் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு நாள் பொறுங்க பாய். மாட்டு டாக்டரக் கூப்பிடுங்க" என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் கணக்குப் போட்டேன். என் பேச்சு தப்பாகப் போனால் முந்நூறு கோழி. பாய் வேனைத் திருப்பி அனுப்பினார்.

அந்தத் தீவனத்தை ஒரு பருக்கை விடாமல் வழித்து எடுத்தோம். வெறும் நொய்யைப் போட்டோம். மத்தியானம் வானூர் பக்கமிருந்து டாக்டர் வந்தார். செத்த கோழி ஒன்றை அறுத்துப் பார்த்தார், தீவனத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புதான். தண்ணிய இப்படி நிரப்பி வைக்காதீங்க. நல்ல தண்ணியா கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி வைங்க" என்றார். அது எனக்குத் தெரியாது. நான்தான் காலையிலிருந்து சட்டி சட்டியாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வியாபாரியின் வேன் வந்து போனதைப் பாய் சொன்னதும் டாக்டர் கேட்டார், "வேன திருப்பி அனுப்பச் சொன்னது யாரு?"

பாய் என்னைக் காட்டினார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"பீயைப் பாத்தேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. "நாங்களும் மொதல்ல அதத்தான் பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வந்து சேரும்வரை அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் இன்னும் பதினொன்று செத்தன. மற்றவையெல்லாம் பிழைத்தன. நாலாம் நாள் காலையில், காய்ந்த உமி மேல் எச்சமெல்லாம் கெட்டியாக, வெள்ளைத் தொப்பியோடு வரிசையாகக் கிடந்தது. கத்திக் கூப்பிட்டேன். பாய் ஓடிவந்து லுங்கியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். உற்றுப் பார்த்தார். அழகானது எதையாவது பார்த்தால் சொல்கிற மாதிரி "மாஷா அல்லாஹ்" என்றார். எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்று அவருக்கே பிறகுதான் உறைத்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கோழிகள் பறந்து ஒதுங்கின.

இப்போது அந்தக் கொட்டகையைக் கூட்டுவது வேறொரு பெண். என்ன தீவனம், எப்போது தடுப்பூசி என்பதையெல்லாம் நான்தான் சொல்கிறேன். உப்பளம் நடக்கும் மாதங்களிலும், விடியற்காலையில் கூனிமேடு போய் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் பாத்தியில் இறங்குகிறேன்.

விஷயம் பரவி, சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் வாட்ஸப்பில் கோழிப்பீ போட்டோ வருகிறது. சோற்றைப் போட்டு உட்காரும் நேரம் பார்த்துத்தான் வரும். "வெளிச்சத்துல வச்சு எடுத்து அனுப்பும்மா, ஒண்ணும் தெரியல" என்று பதில் போட்டுவிட்டு, அடுத்த போட்டோ வரும்வரை ஒரு கையில் போனோடு மறு கையால் சாப்பிடுகிறேன்.