சொட்டை அடைத்த குதிரைமசால்

1979 பிப்ரவரி கடைசியில் நான் திருத்தணிக்குப் போனது சாமி கும்பிட அல்ல. பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் ஒரு பாத்தி குதிரைமசால் பூத்திருந்தது. அதன் விதை எனக்கு வேண்டும்.

மாட்டுத் தீவனமான குதிரைமசாலுக்கு ஈர மண்ணில் வேரழுகல் நோய் வரும். நான் வேலை பார்த்த பண்ணையில் ஒரு மழைக்காலத்தில் பாத்தியே செத்துப்போனது. பிழைத்த சில செடிகளின் மகரந்தத்தைத் தேனீக்கள் கலக்கவிட்டு, வந்த விதையை அதே நோய் மண்ணில் மறுபடி விதைத்தேன். செத்தது போக நின்றதிலிருந்து மறுபடி விதை. இப்படிப் பல வருஷம். வந்த ரகத்தில் இலை, பூ, உயரம் எல்லாம் சாதாரணச் செடி மாதிரியேதான். குணம் வேரில் இருந்தது. "பார்வைக்கு வித்தியாசமே இல்லாத ரகம் எதற்கு?" என்றார் என் மேலதிகாரி. யாரோ பெரியவர் பார்வையிட வருகிறார் என்று அந்தப் பாத்திகளை உழுது ரோஜா வைத்தார். அந்த ரோஜாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மிச்சமிருந்த கைப்பிடி விதையைப் புரட்டாசியில் கண்டிகை விவசாயி முனுசாமியிடம் கொடுத்திருந்தேன். அவருடைய கிணற்றடி நிலம் மழைக்காலம் முழுக்கச் சொதசொத என்றிருக்கும். நோய்க்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பூக்கவிடுங்கள், விதைக்கு வருகிறேன் என்று கார்த்திகையில் எழுதினேன்.

சென்னையிலிருந்து காலைப் பாசஞ்சர். மணவூரில் காரணமில்லாமல் நின்றது. திருத்தணியில் இறங்கி, மொட்டைத் தலைகளுக்கு நடுவே பஸ் பிடித்து, வெயில் ஏறுமுன் கண்டிகை சேர்ந்தேன்.

பாத்தி நிறைந்து, ஒரே மட்டமாக, ஊதாப் பூவாக இருந்தது. அந்த மண்ணில் இவ்வளவு செடி நிற்க வழியே இல்லை.

"நடுவுல செத்ததெல்லாம் எங்கே?" என்றேன்.

"மழையில சொட்ட சொட்டயா பூட்ச்சிங்க," என்றார் முனுசாமி. "நீங்க வர்றீங்கனு லெட்டர் வந்துதா, வெக்கமா பூட்ச்சி. மழ உட்டதும் சந்தையில வெத வாங்கியாந்து அடச்சிட்டேன். தையில ஒருக்கா அறுத்து மட்டமாக்கிட்டேன்."

"பாவா தலயில கீற சொட்டய உட்டுட்டு நெலத்துல அடச்சாரு," என்றார் பக்கத்தில் நின்ற அவர் மைத்துனர். முனுசாமியும் சிரித்தார்.

நாலைந்து செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லா வேரும் அழுகாமல் வெள்ளை; மழைக்குப் பிறகு விதைத்ததால் சந்தைச் செடியையும் நோய் தொடவில்லை. எது என்னுடையது, எது சந்தையுடையது என்று எனக்கே தெரியவில்லை. தேனீக்கள் இரண்டிலும் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தன. அந்தச் சொட்டைகள்தான் என் இத்தனை வருஷ வேலை.

வேறு வழியில்லாமல், அடுத்த ஐப்பசி மழைவரை பாத்தியை விட்டுவையுங்கள், சாவது சாகட்டும், அடைக்காதீர்கள் என்றேன்.

"ஐப்பசி வரிக்கும் தண்ணிக்கு எங்கங்க போறது? சித்திரையில உழுதுடுவேன்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாவறத பாத்துகினு சும்மாவாங்க குந்திகினு இருப்பாங்க?" என்றார்.

அவர் வீட்டில் எனக்காகக் கோழி அடித்திருந்தார்கள். சாப்பிட்டேன்.

திருத்தணி போகிறவர்கள் கிருத்திகையைத் தவிர்த்தால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். மலைக்கு விடியலிலேயே ஏறிவிடுங்கள்; பிறகு படி சுடும். யாருடைய பயிரையாவது பார்க்கப் போவதாக இருந்தால், வருகிறேன் என்று முன்னால் எழுதாதீர்கள்.