மாமரத்தடிக்கு ஒரு லைசென்ஸ்

பார் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தச் சரக்குக்கு எந்த கிளாஸ் என்பதுதான். அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். லைசென்ஸ் வேலை அப்படி வராது. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

1. பாதி ஹால்

கழக்கூட்டத்தில் நான் மேனேஜராக இருந்த பார் ஹோட்டலின் முன்பக்கத்தை ரோட்டை அகலப்படுத்த இடித்தார்கள். பார் ஹாலில் பாதி போயிற்று. மிச்சப் பாதியில் முழங்கை இடிக்காமல் உட்கார முடியாது. ஐடி பார்க் பையன்கள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பாருக்கு நடையைக் கட்டினார்கள்.

முதலாளி சசிதரன் நாளெல்லாம் கத்துவார். ஆனால் ஒருத்தரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"மானேஜரே, ஓணம் வரைக்கும் நோக்கலாம். அது கழிஞ்சா சப்ளையர்ல பாதிப் பேரைப் பறஞ்சு விடணும். வேற வழியில்லை."

அந்தப் பாதிப் பேர் எல்லாரும் எங்கள் குமரி, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள்.

பின்பக்கம் மாமரத்தோடு ஒரு முற்றம் சும்மா கிடந்தது. அங்கே மேசை போட்டால் எல்லாரும் பிழைப்போம். ஆனால் லைசென்ஸ் ஹோட்டல் முழுவதற்கும் கிடையாது. பிளானில் கோடு போட்டுக் காட்டிய இடத்துக்கு மட்டும்தான். கோட்டுக்கு வெளியே ஒரு பெக் ஊற்றினாலும் கேஸ். ஆகவே முற்றத்தையும் சேர்த்து புது பிளான் வரைந்து எக்சைஸ் ஆபீசில் விண்ணப்பம் கொடுத்தேன்.

2. பழக்கூடை

முற்றத்தை ஒட்டி சரோஜா டீச்சர் வீடு. நாகர்கோவிலில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு, ரிட்டயரும் ஆனவர். நாங்கள் பயந்தது அவருக்குத்தான். ஜன்னலுக்கு நேரே பார் வருகிறது என்றால் எந்த டீச்சர் சும்மா இருப்பார்? ஒரு ஆட்சேப மனு போட்டால் விண்ணப்பம் அங்கேயே படுத்துக்கொள்ளும். பழக்கூடையோடு போனேன். பாட்டு வைக்க மாட்டோம், உங்கள் பக்கம் ஷீட் அடிக்கிறோம் என்று அடுக்கினேன். டீச்சர் மிக்சர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"பாட்டு வச்சுக்கோங்க மேனேஜரே. வீட்டுலயே கெடக்கிற சாருக்கும் பொழுது போகும் அல்லே. குடிக்கிறவன் எங்க இருந்தாலும் குடிப்பான். அதுல எனக்கென்ன?"

இவ்வளவு சுலபமா என்று, அவர் மனசு மாறுவதற்குள் ஓடி வந்துவிட்டேன்.

3. கேட்

எக்சைஸ் ஆபீசர் டேப்போடு இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். மதில், மாமரம், டாய்லெட் எல்லாம் அளந்தார். டீச்சர் வீட்டு மதிலில் இருந்த சின்ன கேட் முன்னால் நின்றார்.

"இது எங்கோட்டு போகுது?"

சொன்னேன். சார் என்று டீச்சர் சொல்வது அவர் கணவரை. அவருக்கு டயாலிசிஸ். ரோட்டு வேலையில் அவர்கள் முன்வாசல் செங்குத்துப் படியாகிவிட்டது; சக்கர நாற்காலி இறங்காது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் இந்த கேட் வழியாக எங்கள் முற்றத்தைக் கடந்து பின்சந்துக்குப் போய் ஆட்டோ ஏறுவார். எங்கள் சப்ளையர் முருகேசன்தான் நாற்காலியைத் தள்ளுவான். அடிக்கடி கண்ணில் படுகிற காரியம். பிளான் வரைந்தபோது எங்களில் ஒருத்தருக்கும் இது ஒரு வழி என்று தோன்றவே இல்லை.

"இது நடக்காது சாரே. லைசென்ஸ் இடத்துக்குள்ள வெளி ஆளுக்கு வழி பாடில்லை. கேட்டை அடைச்சு மதில் கட்டிட்டு விளிங்க, நான் வரலாம்."

பேச்சு கேட்டு டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஆபீசரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எனக்கு மனு எழுதத் தெரியாம இல்ல, மேனேஜரே. முருகேசன் பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல சேந்திருக்கா. அவன் சோத்துல கை வைக்க எனக்கு மனசு வரல்ல. ஆனா கேட்டை அடைச்சா நான் சாரை எப்படிக் கொண்டு போவேன்?"

அவர் கோபமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆபீசரிடம் போய்க் கேட்டேன்: "சார், மதிலோரம் ஒரு நடைவழி அளவுக்கு இடத்தை விட்டுவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் சுவர் எழுப்பி, பிளானையும் அப்படியே மாற்றித் தந்தால்?"

அவர் டீச்சரை ஒரு தடவை பார்த்தார். "பிளான்ல இல்லாத ஸ்தலத்தைப் பத்தி நான் எதுக்காக்கும் பேசறது?" என்று ஜீப்பில் ஏறினார்.

4. நாலு மேசை

முதலாளி குதித்தார். "மாமரத்து நிழல் முழுக்க அந்த ஓரத்துலயாக்கும்! நாலு மேசை போகும். உங்களுக்கு வேண்டித்தானே நான் இந்தப் பாடு படுறது?"

பக்கத்தில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த முருகேசன் வாயைத் திறந்தான்.

"நாலு மேசை போனாப் போவட்டும் மொதலாளி. வழிய அடைச்சா அந்த மனுசனைப் படியில தூக்கிட்டு எறங்குறது யாரு? நான்தாம்லா? எனக்கும் முட்டு தேஞ்சு போச்சு. அந்தக் கோவத்துல நான் ஊருக்குப் போயிட்டேம்னா ஒங்களுக்கு எதுக்கு லைசென்சு?"

முதலாளி அவனை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எடோ, நீ என்ன நோக்கி நிக்கிற? போய் வரை" என்றார்.

ஓணத்துக்கு முன் லைசென்ஸ் வந்தது. ஒருத்தரும் ஊருக்குப் போகவில்லை. புதுச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி உருளும், இந்தப் பக்கம் பையன்கள் சிரிப்பார்கள். சில நாள் சார் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் போவார்.

அடுத்த ரினியூவலுக்கு முன்பே சார் காலமாகிவிட்டார். பதினாறு கழிந்து, பேப்பர்களோடு முதலாளியிடம் போனேன். கேட்கவே வாய் கூசியது. ஆனாலும் மேனேஜர் கேட்டாக வேண்டும்.

"முதலாளி, இனி அந்த நடைவழியையும் பிளானில் சேர்த்துக்கொள்ளலாமா?"

அவர் கத்தவில்லை.

"டீச்சர் இப்போ அதுவழியாக்கும் கடைக்குப் போறது. படி எறங்க அவங்களுக்கும் முடியல்ல. பழைய பிளானே இருக்கட்டும்டோ."

பிளான் வரையும் முன் டேப்பை எடுக்காதீர்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த இடத்தில் சும்மா உட்கார்ந்து, யார் யார் கடந்து போகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் போக மீதி இருப்பதுதான் நாம் மேசை போடுகிற இடம்.