விளம்பரப் பலகைக்கு முன்னால் கொப்பியோடு ஒருவர்

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வாசலில் புது வேலை விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இன்று காலை சைக்கிளில் போனேன்.

பலகைக்கு முன்னால் ஒருவர் கொப்பியோடு நின்றார். பலகையைப் பார்ப்பார், ரோட்டைப் பார்ப்பார், பிறகு ஏதோ எழுதுவார்.

வேலை தேடி வருபவர்களின் விவரம் எடுக்கிறாரோ? இந்த நாட்களில் யார் எதை யாருக்காக எழுதுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? எதிரே இருந்த தேநீர்க் கடையில் ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு, அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். ரீ ஆறியதுதான் மிச்சம்.

கடைசியில் ரோட்டைக் கடந்து நேரே என்னிடம் வந்தார்.

"பிள்ளை, கனநேரமா என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள். நீங்கள் ஆர்?"

"வேலை விளம்பரம் பாக்க வந்தனான் ஐயா."

பெருமூச்சு விட்டார். "நானும் அதுக்குத்தான். மகள் கட்டைபறிச்சான் ஊரிலை இருக்கிறாள். அவளுக்கு இப்ப வர ஏலாது. அதுதான் எழுதி அனுப்பப் பாக்கிறன். உங்களைக் கண்டு நான் பயந்துபோனன்."

இருவரும் சிரித்தோம். பெயர் கேட்டார். சுகந்தி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஒரே ஒரு இடம்தான் பிள்ளை. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

அதற்குள் சந்தியில் நின்ற ஆமிக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பலகைக்குக் கிட்டப் போகாமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை. இருப்பது ஒரே இடம். அவருக்கும் ஒரு மகள். பெயரையே பொய்யாகச் சொன்ன நான், அவர் சொன்ன திகதியை எப்படி நம்புவது?

அந்தப் பக்கம் போனவர்கள் சொல்லுங்கள்: கடைசி நாள் வெள்ளிக்கிழமைதானா?