சூலியா தெருவைக் கடந்த அல்வா

தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் கணினிச் சிப் சோதித்தேன். அந்த உற்பத்தி லைனை மூடியதும் சூலியா தெருவில் செல்வம் அண்ணனின் பலகாரக் கடையில் சேர்ந்தேன். அல்வா என் பொறுப்புக்கு வந்த முதல் வருடம் இது நடந்தது.

கெலுகோரில் ஒரு நிச்சயதார்த்தம். பகல் பன்னிரண்டுக்குப் பத்துக் கிலோ கோதுமை அல்வா போய்ச் சேர வேண்டும். கோதுமைப் பாலைப் பாகில் ஊற்றி முக்கால் மணி நேரம் கிண்டியாயிற்று. கலவை நெய்யை இழுக்கத் தொடங்கிய நேரம் அடுப்பு அணைந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்றாக இருந்த சிலிண்டர், எங்கள் பேச்சில் தோங், அதுவும் காலி. காலையிலேயே தூக்கிப் பார்க்காதது என் தப்பு.

"கேஸ்காரன் வர ஒரு மணி நேரமாகும்லா," என்றார் அண்ணன்.

நான் கிண்டுவதை நிறுத்தவில்லை. இந்தப் பதத்தில் துடுப்பு நின்றால் கட்டி தட்டிவிடும். பிறகு எதுவும் செய்ய முடியாது.

"எதிர்க்கடை பாய்கிட்ட பெரிய அடுப்பு இருக்குண்ணே."

எதிரே சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை. லோரி நிறுத்தும் இடத்துக்காக அண்ணனும் பாயும் சண்டை போட்டு, இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

"அவர்கிட்டயா? நான் போக மாட்டேன்."

"அல்வாவுக்கு உங்க சண்டை தெரியாதுண்ணே. நீங்க வரலன்னா சட்டியோட நான் போறேன்."

அண்ணன் சர்க்கரை மூட்டை இழுக்கும் ட்ரோலியில் ஈரச் சாக்கை விரித்தார். அவரும் எங்கள் கடை டிரைவரும் சட்டியை ஏற்றித் தள்ள, நான் கிண்டிக்கொண்டே கூட நடந்தேன். கடை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கும்போது சட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. என் உயிரே போய் வந்தது.

பாய் எங்களைப் பார்த்ததுமே அடுப்பு தேடி வருகிறோம் என்று புரிந்துகொண்டார். நான் கேட்பதற்குள் நடுரோட்டுக்கு வந்து கையை நீட்டி கார்களை நிறுத்தினார். ஹாரன் அடித்த ஒருவரிடம், "இருலா, அல்வா போவுது," என்றார். சுற்றுலாப் பயணிகள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். எனக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"கறிச்சட்டிய எறக்கச் சொல்லிட்டேன் அக்கா, நேரா உள்ள வாங்க. செல்வம், நீ அந்தப் பக்கம் புடி."

இரண்டு பேரும் சேர்ந்தே சட்டியை அடுப்பில் வைத்தார்கள். மிச்ச நெய்யை ஊற்றி இருபது நிமிடம் விடாமல் கிண்டினேன். அல்வா ஓரம் விட்டுத் துடுப்போடு சுருண்டு வந்தது. கிள்ளி உருட்டினேன், விரலில் ஒட்டவில்லை.

"வந்துருச்சுண்ணே," என்றேன். அந்தச் சமையலறையே கைதட்டியது.

முதல் தட்டை அண்ணன்தான் பாயிடம் நீட்டினார். மீதி அல்வா பன்னிரண்டுக்குள் கெலுகோர் போய்ச் சேர்ந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சட்டியை ஏற்றுமுன் மாற்றுத் தோங்கைத் தூக்கிக் கனம் பாருங்கள். எதிர்க்கடைக்காரரோடு சண்டை வந்தால் அன்றைக்கே பேசி முடியுங்கள். அடுப்பு எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாது.