சூலத்தில் பூ

புளி போட்டுத் தேய்த்தால் ஒரு பழைய செப்புக் காசு என்ன நிறத்துக்கு வரும் என்பது எங்கள் வீட்டுக்கு வந்துபோன எல்லோருக்கும் தெரியும். புதுச் செம்புக் குடத்தின் நிறம், கூச்சமே இல்லாத பளபளப்பு. என் மாமனார் அப்படியொரு காசை ஒரு கண்ணாடிப் பெட்டியில் தனியாக வைத்திருந்தார். யாராவது வந்து உட்கார்ந்தால் அத்தை காபி கொண்டுவரும் வரை காத்திருப்பார். அத்தை டம்ளரை நீட்டும் நேரம் பார்த்து மாமா பெட்டியைத் திறப்பார். "இங்கிலாந்து பென்னிங்க. ராணி காலத்துலேர்ந்து ஏறின நிறம். இந்த அம்மா ஒரே காலையில கழுவி ஊத்திட்டாங்க" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார்.

அத்தை செய்தது இவ்வளவுதான். கல்யாணமான வருஷம், தீபத் திருநாளுக்கு முன்னால் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் தேய்க்கும்போது, மேசையில் கறுத்துக் கிடந்த கணவரின் காசையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். அந்தக் காசின் பின்புறம் கையில் சூலத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் வெள்ளைக்காரன் தன் நாட்டுக்கு அடையாளமாக வைத்த பெண் என்று அத்தைக்கு யார் சொன்னார்கள்? அம்மன் என்று நினைத்து மஞ்சள் குங்குமம் வைத்து விளக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். புருஷன் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று காத்திருக்கிறார், பாவம். பழுப்பு நிறம் போன காசைக் காசு சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள் என்பது உண்மைதான். அதற்காக ஆயுள் தண்டனையா?

மாமா நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். வேங்கிக்காலில் வீடு. வரப்பு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். கிரிவலப் பாதையில் துணி விரித்துப் பழங்காசு விற்கிறவர்களிடமும், ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர்களிடமும் பென்னிகளை வாங்குவார். ஒரே ராணி, ஒரே வருஷம், ஆனால் காசை அடித்த அச்சு வேறாக இருக்கும். ஓர் அச்சு தேய்ந்தால் இன்னொன்று செய்வார்கள், செய்யும்போது ஏதாவது சின்னதாக மாறிவிடும். கடைசி எழுத்துக்குப் பின்னால் வரும் இரண்டு புள்ளிகள் ஒன்றில் ஒட்டியிருக்கும், மற்றொன்றில் தள்ளியிருக்கும். சூலத்தின் முனைகளுக்கு நடுவே ஒன்றில் பூ வேலை இருக்கும், மற்றொன்றில் வெறுமையாக இருக்கும். லென்ஸை வைத்துக்கொண்டு அவர் இதைப் பார்க்கும் அழகை நான் மறுக்கமாட்டேன். வீட்டில் வேறு எதையும், யாரையும், அவர் அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

ஒரு குறிப்பிட்ட வருஷத்துப் பென்னியில் பூ உள்ள சூலம் சாதாரணம், பூ இல்லாதது அபூர்வம். அதைத்தான் வாழ்நாள் முழுக்கத் தேடினார். அந்த வருஷத்துக் காசு ஒன்று கைக்கு வந்தபோது சர்க்கரை அவர் கண்ணைத் தின்றிருந்தது. வருஷத்தை லென்ஸும் வெயிலுமாக எப்படியோ படித்துவிட்டார். சூலம் புகையாகத்தான் தெரிந்தது. வெளியாள் பார்த்தால் மாற்றிவிடுவான், மகன் பார்த்தால் விற்றுவிடுவான் என்று பயம். அத்தையைக் கூப்பிட்டார். "நீ பாத்துச் சொல்லு. உன்ன நம்பலாம். பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்" என்றார், என் முன்னாலேயே.

அத்தை ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். "பூ இருக்குதுங்க" என்றார்.

மாமாவின் முகம் தொங்கிப்போனது. "நீ பாரும்மா" என்று என்னிடம் நீட்டினார். பார்த்தேன். சூலத்தின் நடுவே ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருந்தது. அத்தை என்னைக் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். "ஆமாங்க மாமா, பூதான்" என்றேன். இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. அந்த வீட்டில் காபி டம்ளர் நடுங்குவதை வருஷக்கணக்கில் பார்த்தவள் நான்.

அவரால் விட முடியவில்லை. மறுநாளும் கேட்டார். வெயில் நன்றாக ஏறிய பிறகு பார் என்றார். சாய்த்துப் பிடித்துப் பார் என்றார். நாளாக ஆக அதட்டல் கம்மியாகிக் குரலில் கெஞ்சல் ஏறியது. "ஏம்மா, தூசியா இருக்கப் போவுது, துணியால ஒத்தி எடுத்துட்டுப் பாரேன்" என்பார். அத்தை ஒவ்வொரு முறையும் அலுக்காமல் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இன்னும் நல்லாத் தெரியுதுங்க, இதழக்கூட எண்ணலாம் போல" என்பார். கொடுமைதான். கேட்க எனக்கு இனித்தது.

ஒருநாள் தேய்த்த காசு இருந்த அந்தக் கண்ணாடிப் பெட்டியை எடுத்து அத்தை கையில் கொடுத்தார். "தூக்கிப் போட்டுடு. இனிமே யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, அவரால் முடிந்தது அவ்வளவுதான். அத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். அன்றும் சூலத்தில் பூ இருந்தது.

ஆஸ்பத்திரிக்கும் பூ பார்க்கச் சொன்ன அந்தப் பென்னியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போனார். கடைசி நாள் காலையில் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். பேச்சு குழறிவிட்டது. காசை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு "பூ?" என்று மட்டும் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கே தாங்கவில்லை, சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். பிறகு காசை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். குனிந்து அவர் காதோரம், புதுப்பெண் பேசுவதைப் போல மெதுவாக, "இருக்குதுங்க" என்றார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்தது. அத்தை அதை முந்தானையால் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கேன்டீன்ல இட்லி தீந்துடும், நீ போய் சாப்பிட்டு வந்துடும்மா" என்றார்.