தங்கையைத் தூக்கிய கால்

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடியது அவர் கைபட்டுத்தான். அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் அவரும் தங்கையும். சின்ன வயதிலேயே தங்கைக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிருந்தது. எதிரே இருந்த பைண்டிங் கடையில் நோட்டுகளுக்கு அட்டை ஒட்டும் வேலை அவளுக்கு. காலையில் உப்புமூட்டையாகத் தூக்கிக்கொண்டு இறங்குவார். சாயங்காலம் அப்படியே ஏறுவார்.

"ஊருக்கெல்லாம் இரும்புல லிஃப்ட்டு, எனக்கு மட்டும் எலும்புல" என்று காதோரம் சொல்வாள் அவள். "கரண்ட் போனாக்கூட நிக்காது."

"வாய மூடிட்டு வா. சிரிச்சா இன்னும் கனக்கிற."

நாற்பதைத் தாண்டியபோது அவருடைய குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார் வீங்கிக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி உயிரைப் பிடுங்கியது. மருத்துவமனையில் அந்த மாதிரிக் காயங்களுக்கு ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்றில்லாமல், அவரவர் வலியை அளந்து, அதற்கேற்பப் பயிற்சியைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். நடத்தியவர் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட். படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நிற்கவைத்து, குதிகாலைத் தூக்கச் சொன்னார்.

"வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து. இப்ப எவ்வளவு சார்?"

"மூணு இருக்கும் மேடம்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன மூன்று அது. பிசியோதெரபிஸ்ட் அதை நம்பிப் பயிற்சியைக் கூட்டினார். வீக்கமும் கூடியது.

"நீங்க சொல்ற வலிக்கும் உங்க காலுக்கும் ஒட்டவே மாட்டேங்குதே. வேலையில என்ன தூக்குறீங்க?"

"டூல்ஸ் பைதான்."

"பை மட்டும்தானா?"

மெக்கானிக் தலை குனிந்துகொண்டார். "தங்கச்சி. அவளைத் தூக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம். அவ வெளிய வர்றதே அப்பத்தான்."

பிசியோதெரபிஸ்ட் அப்படிச் சொல்லவில்லை. பயிற்சியைப் பாதியாகக் குறைத்தார். "ஏறும்போதாவது யாராவது கை குடுத்தா கால் தேறிடும்" என்றார். இவர் தலையாட்டிவிட்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை. அடுத்தவர் கை பட்டால் அவள் கூசிப்போவாள் என்று அவருக்குத் தெரியும்.

சில நாள் கழித்துத் தங்கை, "கடையில ஆர்டர் இல்லையாம். வேலை வந்தா கூப்பிடறேன்னுட்டாங்க" என்றாள்.

கூப்பிடவே இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சும்மா கீழே போய்விட்டு வரலாம் என்று இவர் அழைத்தால் ஒருநாள் வெயில் என்பாள், இன்னொரு நாள் தூக்கம் வருகிறது என்பாள். இதற்கிடையில் அவர் கால் தேறிக்கொண்டு வந்தது. படியேறும்போது தன்னையறியாமல் சீட்டியடித்தார்.

மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. ஆஸ்பத்திரி என்றாலே, "வெறும் சளிண்ணா, இதுக்குப் போய் யாரு இறங்கறது" என்பாள். வழக்கம்போல வெளியே வர அலுத்துக்கொள்கிறாள் என்றே அவர் நினைத்தார். ஒரு காலை பேச்சு வராமல் மூச்சுக்குத் தவித்தாள். அவளை முதுகில் போட்டுக்கொண்டு ஓடினார். எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நுரையீரல் முழுக்கச் சளி கட்டியிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்த பைண்டிங் கடைக்கார அம்மா அழுதுகொண்டே கேட்டார்: "வேலை மலையா குவிஞ்சு கெடக்கு, வாடின்னு எத்தனை தடவ போன் பண்ணேன் தெரியுமாப்பா? வரவே மாட்டேன்னுட்டாளே, ஏன்?"



ஆய்வின் கடைசிச் சோதனைக்கு, கூப்பிட்டார்களே என்று போனார். குதிகாலைத் தூக்கினார், இறக்கினார். தசைநாரை அழுத்திப் பார்த்தார்கள். வலி இல்லை.

"எங்க ஆய்வுலயே உங்க கால்தான் சார் இவ்வளவு நல்லா தேறியிருக்கு" என்றார் பிசியோதெரபிஸ்ட். "தங்கச்சியத் தூக்க ஆள் கிடைச்சிட்டாங்களா?"

"அவ போயிட்டா மேடம்."

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பயிற்சியப் பாதியாக் கொறைச்ச அப்புறம், உங்க கால் எப்படி இருக்குன்னு கேக்க ஒருநாள் போன் பண்ணேன். நீங்க குளிச்சிட்டிருந்தீங்க, உங்க தங்கச்சிதான் எடுத்தாங்க. 'அண்ணன் உங்களத் தூக்குறதக் கொறைச்சிட்டாரா? தூக்குறதனாலதான் கால் தேற மாட்டேங்குது'ன்னு அவங்ககிட்டயே கேட்டுட்டேன் சார். 'இனிமே கொறைஞ்சிடும் டாக்டர்'னு சொல்லிச் சிரிச்சாங்க."

"சிரிச்சாளா?"

"ஆமா சார்."

அவருக்குக் கோபம் வரவில்லை. மேசையில் இருந்த ஆய்வுத் தாளைக் காட்டி, "பூஜ்யம்னு போட்டுக்குங்க மேடம். நெசமாவே வலி இல்ல" என்றார்.

பயிற்சியை அன்றோடு விட்டுவிட்டார். வலி திரும்பி வரும் என்று கொஞ்ச காலம், காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதெல்லாம் எதிர்பார்த்தார். வரவேயில்லை.